தங்கச்சிய கூட்டிக்கிட்டு எத்தன ஆபீஸ் ஏறுறது? ஒரு அக்காவோட கடிதமும் என் பதிலும்

நாலு பக்கத்துக்கு வந்த கடிதம் இது. பேரு, ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஒண்ணு ரெண்டு விவரத்த மாத்தியும் வச்சிருக்கேன், அந்த பக்கத்து ஆளுங்க யாராவது படிச்சா அடையாளம் தெரிஞ்சிடக் கூடாதுங்கிறதுக்காக.

எழுதுனவங்களுக்கு 36 வயசு, எக்ஸ்போர்ட் கம்பெனில டெய்லர். தங்கச்சிக்கு 29. கல்யாணமாகி பத்து வருஷம், ரெண்டு மாவட்டம் தள்ளி கட்டிக் குடுத்திருக்காங்க. மாப்பிள்ளை ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசர், குடிச்சா அடிப்பாரு, குடிக்காத அன்னைக்கும் அடிப்பாரு. போட்டு அனுப்புன நகையில முக்கால்வாசி அடகுல இருக்கு. மூணு வாரத்துக்கு முன்னாடி ராத்திரி பதினொரு மணி பஸ்ஸ புடிச்சு, ஒன்பது வயசு பொண்ணையும் அஞ்சு வயசு பையனையும் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்கு வந்துட்டாங்க அந்த தங்கச்சி.

அன்னையில இருந்து அக்கா லீவு போட்டு அலையறாங்க. உள்ளூர் மகளிர் ஸ்டேஷன்ல "சம்பவம் நடந்தது அங்க தானே, அங்க போய் குடுங்க"ன்னாங்களாம். அங்க போனா ரெண்டு தரப்பையும் உக்கார வச்சு "இனிமே அடிக்க மாட்டேன், சேர்ந்து வாழறோம்"னு எழுதி வாங்கி கையெழுத்து போட வச்சு அனுப்பிட்டாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில போலீஸ் மெமோ கேட்டாங்க. வக்கீல் ஒருத்தர் முப்பதாயிரம் கேட்டாரு. சமூக நலத்துறை மேடம பாக்க கலெக்டர் ஆபீஸ் போன அன்னைக்கு அவங்க ஃபீல்டுக்கு போயிருந்தாங்க. பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போட்டதுல பொறுமையா பேசி ஒன் ஸ்டாப் சென்டருக்கு (பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கு எல்லா உதவியும் ஒரே எடத்துல குடுக்கற அரசு மையம்) அனுப்புனாங்க, அங்க அஞ்சு நாள் தான் தங்கலாம்னதும் "ஆறாவது நாள் எங்க போறது"ன்னு திரும்பி வந்துட்டாங்க. பொண்ண இங்க ஸ்கூல்ல சேக்கப் போனா டி.சி. கேக்கறாங்க. இதுல அக்காவோட வீட்டுக்காரர் வேற "இன்னும் எத்தன நாளைக்கு"ன்னு ஆரம்பிச்சுட்டாராம்.

எல்லா எடத்துலயும் மொதல்ல இருந்து நடந்ததெல்லாம் சொல்லிச் சொல்லி தங்கச்சி இப்ப வாயே தொறக்கறதில்ல, ஆனா ராத்திரில மொட்டை மாடிக்கு போய் அவர்கிட்ட போன்ல பேசறாளாம். கடிதத்தோட கடைசி வரி இது: "அவளே திரும்பி போயிடுவா போல இருக்குங்க, அப்புறம் நான் எதுக்குங்க இவ்வளவு அலையணும்?"

அன்பு சகோதரிக்கு,

உங்க கேள்விக்கு பதில் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி உங்க கடிதத்துல மூணாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதிட்டு போயிருக்கீங்க, எனக்கு அதத் தாண்டி படிக்க முடியல. "வர்றதுக்கு முந்தின வாரம் ஒரு தடவ கழுத்த புடிச்சு சுவத்துல சாச்சிருக்கான், ரெண்டு நாள் தொண்டை கட்டிக்கிச்சு, இன்னும் முழுங்கறப்ப வலிக்குதுங்கறா, மத்தபடி பெரிய காயம் ஒண்ணும் இல்ல."

இது பெரிய காயம் தாங்க. கழுத்த நெரிச்சதுல வெளிய ஒரு கீறல் கூட இல்லாம உள்ள ரத்தக்குழாய்ல அடிபட்டிருக்கலாம், அதோட விளைவு சில நாள் கழிச்சு, சில பேருக்கு சில வாரம் கழிச்சு கூட வரும், பக்கவாதம் வரைக்கும் போனது உண்டு. குரல் மாறறது, முழுங்க வலிக்கிறது, தலைவலி, கண்ணு மங்கறது இதெல்லாம் டாக்டர் உடனே பாக்க வேண்டிய விஷயம். அதனால எந்த ஆபீசுக்கும் முன்னாடி, இத படிச்ச உடனே கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டு போங்க. மெமோ இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது. குடும்ப வன்முறைல பாதிக்கப்பட்ட பொண்ணுக்கு முன்கூட்டி ரிப்போர்ட் இல்லைங்கிற காரணத்துக்காக வைத்தியத்த மறுக்கக் கூடாதுன்னு குடும்ப வன்முறை சட்டத்தோட 2006 விதிகள்லயே இருக்கு. "புருஷன் கழுத்த நெரிச்சாரு, இந்த தேதியில"ன்னு தெளிவா சொல்லி ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், ஆஸ்பத்திரில காயத்த எழுதி வைக்கற பதிவு) போட சொல்லுங்க, அந்த ஏ.ஆர். நம்பர குறிச்சு வச்சுக்குங்க, காப்பி அப்புறம் எழுதி குடுத்து வாங்கிக்கலாம்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு வீட்டுல அடி உயிர் போற அளவுக்கு போகுமான்னு கணிக்கறதுக்கு ஜாக்குலின் கேம்ப்பெல்னு ஒரு அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 1985 வாக்குல ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணாங்க, இன்னைக்கும் பல நாட்டுல அதத்தான் வச்சு பாக்கறாங்க. அதுல கழுத்த நெரிச்சானாங்கிறது முக்கியமான கேள்வி. பொண்ணு சமீபத்துல பிரிஞ்சு வந்தாளாங்கிறது இன்னொண்ணு. உங்க தங்கச்சி விஷயத்துல ரெண்டுக்கும் பதில் ஆமா. வீட்ட விட்டு வந்துட்டா, ஆபத்து முடிஞ்சதுன்னு நாம நெனைக்கிறோம், பல கேஸ்ல ஆபத்து கூடறதே அப்பத்தான். இத எந்த ஆபீஸ் போனாலும் மொதல்ல சொல்லுங்க, கடைசில இல்ல.

நீங்க செய்யற வேலைக்கு சட்டத்துல ஒரு ஆள் இருக்காங்க

நீங்க மூணு வாரமா பாத்துக்கிட்டு இருக்கிற வேலை, அதாவது ஆஸ்பத்திரி, போலீஸ், வக்கீல், தங்கற எடம், கோர்ட் இது எல்லாத்தையும் ஒரு பொண்ணுக்காக ஒண்ணு சேக்கற வேலை, இது அக்கா தலையில விழ வேண்டியதே இல்ல. 2005 குடும்ப வன்முறை சட்டம் இதுக்குன்னே பாதுகாப்பு அலுவலர்னு ஒரு பதவிய உண்டாக்கிருக்கு, ஆளுங்க ப்ரொடக்ஷன் ஆபீசர்னு சொல்லுவாங்க. நம்ம தமிழ்நாட்டுல மாவட்டத்துக்கு ஒருத்தர், சமூக நலத்துறைல இருப்பாங்க. நீங்க கலெக்டர் ஆபீஸ்ல பாக்க முடியாம திரும்புனது பெரும்பாலும் இவங்களத்தான். போலீஸ் மாதிரி யூனிஃபார்ம் கெடையாது, கைது பண்ண முடியாது, அதனால நெறைய பேரு இவங்கள சும்மா கவுன்சிலிங் குடுக்கறவங்கன்னு நெனைச்சு போன உடனே திரும்பிடறாங்க.

சட்டத்தோட 9-வது பிரிவ எடுத்து பாத்தா இவங்க வேலை என்னன்னு வரிசையா இருக்கு. நடந்தத கேட்டு டி.ஐ.ஆர். (குடும்ப வன்முறை சம்பவ அறிக்கை) எழுதி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பறது, சட்ட உதவி மையத்துல இலவச வக்கீல் கெடைக்க பாக்கறது, தங்க எடம் வேணும்னா ஏற்பாடு பண்றது, காயம் இருந்தா பரிசோதனைக்கு அனுப்பி அந்த ரிப்போர்ட்ட போலீசுக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் சேக்கறது. விதிகள்ல ஐந்தாவது படிவம்னு ஒண்ணு இருக்கு, பாதுகாப்பு திட்டம், இதுவரைக்கும் என்ன நடந்தது, இனிமே என்ன நடக்கும்னு இவ பயப்படறா, அதுக்கு என்ன ஏற்பாடுன்னு பாதிக்கப்பட்டவங்க கூட உக்காந்து எழுத வேண்டிய தாள். பாதி பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, கேட்டாத்தான் எடுப்பாங்க. அதனால கேளுங்க. கழுத்து விஷயம், அவரு இப்ப தினமும் போன் பண்றது, புள்ளைய தூக்கிட்டு போயிடுவேன்னு சொன்னதா எழுதிருக்கீங்களே அது, எல்லாமே அந்த தாள்ல ஏறணும்.

ஒரு மாவட்டத்துக்கு ஒரு ஆள் எப்படிங்க பத்தும்னு நீங்க கேப்பீங்க, நியாயம் தான். 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே எல்லா மாநிலத்தையும் மாவட்டம், தாலுகா அளவுல பாதுகாப்பு அலுவலர்கள அடையாளம் காட்டி நியமிக்க சொல்லி உத்தரவு போட்டுச்சு. நெலமை மாறற வரைக்கும் நமக்கு இருக்கற ஒரே வழி எல்லாத்தையும் எழுத்துல குடுத்து, ரசீது வாங்கி, அந்த ஆபீசோட பொறுப்பா ஆக்கறது. ஃபீல்டுக்கு போயிருக்காங்கன்னா மனுவ அங்க இருக்கறவங்ககிட்ட குடுத்து இன்னொரு காப்பில சீல் போட்டு வாங்குங்க, ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க. வாய் வார்த்தையா சொல்லிட்டு வந்தா மேடம் திரும்பி வர்றப்ப நீங்க வந்து போனதுக்கு ஒரு தடயமும் இருக்காது.

அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல டுலூத்னு ஒரு ஊர்ல 1980கள் தொடக்கத்துல தான் போலீஸ், கோர்ட், பெண்கள் காப்பகம் எல்லாம் ஒரே முறையில சேந்து வேலை செய்யணும்னு ஒழுங்கு பண்ணாங்க, பாதிக்கப்பட்டவ ஓடக்கூடாது, தகவல் தான் ஓடணும்ங்கிறது அவங்க கணக்கு. நம்ம ஊரு ஒன் ஸ்டாப் சென்டரும் அதே நோக்கத்துல 2015-ல நிர்பயா நிதில இருந்து வந்தது தான். அங்க நீங்க ஒண்ண தப்பா புரிஞ்சுக்கிட்டு வந்துட்டீங்க. அஞ்சு நாள்ங்கிறது தங்கறதுக்கு மட்டும் தான். தங்காமலே கேஸ் பதிஞ்சுக்கலாம், கவுன்சிலர், சட்ட ஆலோசனை, போலீஸ், ஆஸ்பத்திரிக்கு கூட வர்றது எல்லாம் அதுக்கப்புறமும் கெடைக்கும். நீண்ட நாள் எடம் வேணும்னா சக்தி சதன் மாதிரி இல்லத்துக்கு அவங்களே எழுதி அனுப்புவாங்க, முன்னாடி ஸ்வாதார்னு சொல்லுவாங்களே அதத்தான் இப்ப இந்த பேர்ல நடத்தறாங்க. திரும்ப போங்க, "எனக்கு தங்க எடம் இப்போதைக்கு வேண்டாம், இந்த கேஸுக்கு ஒரே கேஸ் ஒர்க்கர் வேணும், அவங்க பேரையும் நம்பரையும் குடுங்க"ன்னு கேளுங்க.

நடந்தத ஒரு தடவ எழுதுங்க, பத்து தடவ சொல்ல வேண்டாம்

தங்கச்சி பேசறத நிறுத்துனதுக்கு வேற காரணம் தேட வேண்டாம். ஒவ்வொரு மேசையிலயும் "என்னம்மா பிரச்சனை"ன்னு கேட்டு, பாதி சொல்றப்பவே "இது இங்க இல்ல"ன்னா யாரா இருந்தாலும் வாய மூடிக்குவாங்க. அவ தெம்பா இருக்கற ஒரு நேரத்துல, புள்ளைங்க தூங்குனதுக்கப்புறம் வேணா உக்காந்து, அவ சொல்ல சொல்ல நீங்க எழுதுங்க. உங்க கருத்து அதுல வேண்டாம், "அவன் மிருகம்"னு எழுதறதுல பிரயோஜனமில்ல. எப்ப, எங்க, என்ன பண்ணாரு, யாரு பாத்தா, என்ன காயம், எந்த ஆஸ்பத்திரி. தேதி ஞாபகமில்லன்னா "பொண்ணுக்கு காது குத்துன வாரம்", "தீபாவளிக்கு மறுநாள்"னு இருந்தா போதும். ரெண்டு பக்கத்துக்குள்ள முடிச்சு அவகிட்ட படிச்சு காட்டி கையெழுத்து வாங்குங்க. இனிமே எந்த ஆபீஸ் போனாலும் மொதல்ல அந்த தாள நீட்டுங்க. எல்லாரும் படிப்பாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு எடத்துல ஒண்ணு இன்னொரு எடத்துல ஒண்ணுன்னு ஆகாது, கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல் மொதல்ல தேடறதே அந்த முரண்பாட்டத்தான்.

அந்த தாளோட ஆதார், கல்யாண போட்டோ இல்ல பத்திரிகை, ஏ.ஆர். நம்பர், ஸ்டேஷன்ல புகார் வாங்குனதுக்கு குடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, நகை வாங்குன பில்லு இல்ல அடகு சீட்டு போட்டோ, அவரோட சம்பள சீட்டு ஏதாவது கெடைச்சா அது, எல்லாம் ஒரு ஃபைல்ல. ஃபோன்ல மட்டும் வச்சுக்காதீங்க. ஃபோன்னதும் ஞாபகம் வருது, தங்கச்சி ஃபோன்ல இருக்கற ஜிமெயில் யாரு போட்டு குடுத்தது? இவங்க மாதிரி பல கேஸ்ல புருஷன் தான் கணக்கு தொறந்து குடுத்திருப்பாரு, பாஸ்வேர்டு அவர்கிட்ட இருக்கும், எங்க இருக்கா, என்ன போட்டோ எடுத்தா எல்லாம் அவருக்கு தெரியும். வாட்ஸ்ஆப்ல வேற எந்த மெஷின்லயாவது ஓடுதான்னு பாருங்க. புது மெயில் ஒண்ணு தொறந்து ஆவணத்த எல்லாம் அதுல போட்டு வைங்க. ஆனா ஒரு விஷயம், அவரு அனுப்புன மிரட்டல் மெசேஜ், ஆடியோ இருந்தா கோபத்துல அழிச்சிடாதீங்க.

நீங்க தப்பா நெனைச்சுக்கிட்டு இருக்கிற சில விஷயங்கள்

"அங்க தான் கேஸ் குடுக்கணும்." இல்ல. குடும்ப வன்முறை சட்டத்தோட 27-வது பிரிவுப்படி பொண்ணு தற்காலிகமா தங்கிருக்கற எடத்துல இருக்கற கோர்ட்டுலயே மனு போடலாம், அதாவது உங்க ஊர்லயே. கிரிமினல் கேஸுக்கும் அப்படித்தான், புருஷன் வீட்டு கொடுமையால வெளிய வந்து அடைக்கலம் தேடுன ஊர்லயே புகார் குடுக்கலாம்னு 2019-ல ரூபாலி தேவி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. 2024 ஜூலைல இருந்து வந்திருக்கற பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறை சட்டம்) 173-வது பிரிவும் எல்லை பாக்காம புகார பதியணும்னு சொல்லுது. வாங்க மாட்டேன்னாங்கன்னா சண்டை போடாதீங்க, எஸ்.பி.க்கு தபால்ல அனுப்புங்க, அதுக்கும் ஒண்ணும் நடக்கலன்னா மாஜிஸ்ட்ரேட்கிட்ட போகலாம். ஆனா உடனே எஃப்.ஐ.ஆர். போட்டுடுவாங்கன்னும் எதிர்பாக்காதீங்க, கொடுமை பிரிவு மட்டும்னா டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த சட்டமே எடம் குடுக்குது.

"கேஸ் போட்டா அவர ஜெயில்ல போட்டுடுவாங்க, புள்ளைங்களுக்கு அப்பா இல்லாம போயிடும்." தங்கச்சி அழறதே இதுக்குத்தான்னு எழுதிருக்கீங்க. அவகிட்ட சொல்லுங்க, ரெண்டும் வேற வேற கேஸ். குடும்ப வன்முறை சட்டத்துல கேக்கறது பாதுகாப்பு, வீடு, பணம், புள்ளைங்க பொறுப்பு, இது சிவில் தன்மை உள்ள நிவாரணம்னு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டும் 2021-ல சொல்லிருக்கு. இதுல அவருக்கு ஜெயில் வர்றது கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவ மீறுனா தான், அதுக்கு ஒரு வருஷம் வரைக்கும் சிறை இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். போலீஸ்ல போடற பிஎன்எஸ் (புது தண்டனை சட்டம்) 85-வது பிரிவு, பழைய 498ஏ, அதுதான் குற்ற வழக்கு, மூணு வருஷம் வரைக்கும் தண்டனை. ரெண்டையும் சேத்தும் போடலாம், மொதல்ல ஒண்ண மட்டும் போட்டுட்டு மத்தத யோசிக்கலாம். கழுத்த நெரிச்சது கொலை முயற்சில வருமாங்கிறத டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு உங்க வக்கீல் சொல்லட்டும், நான் கடிதத்த மட்டும் வச்சு சொல்றது சரியா இருக்காது.

"வீடு மாமியார் பேர்ல, நமக்கு ஒண்ணுமில்ல." சொத்துல பங்கு இல்ல, வாஸ்தவம். குடியிருக்கற உரிமை இருக்கு. 2020-ல சதீஷ் சந்தர் அஹூஜா வழக்குல, மாமனார் பேர்ல இருந்த வீடா இருந்தாலும் குடும்பமா வாழ்ந்த வீடுன்னா அது சட்டத்துக்கு பகிர்ந்த குடும்ப வீடு தான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா நான் வெளிப்படையா சொல்லிடறேன், உங்க தங்கச்சிய அந்த வீட்டுக்குள்ள உத்தரவு வாங்கி திரும்ப அனுப்பறத நான் விரும்பல. மாமியார வெளியேத்த சட்டத்துல எடமில்ல, சுத்தி அவங்க சொந்தம், அந்த கழுத்த புடிச்ச ஆளும் அங்க தான். குடும்ப வன்முறை சட்டத்தோட 19-வது பிரிவுல மாற்று வீடு, இல்ல அதுக்கு வாடகைன்னு கேக்க வழி இருக்கு, அத கேளுங்க. மில்லுல மாச சம்பளம் வாங்கறவரு, அவரு குடுக்கலன்னா முதலாளியே சம்பளத்துல இருந்து நேரா இவளுக்கு குடுக்கணும்னு மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட முடியும்.

"ஸ்டேஷன்ல கையெழுத்து போட்டாச்சே." அது ஒரு வாக்குமூலம், அவ்வளவு தான். அத வச்சு யாரும் கேஸ் போடறத தடுக்க முடியாது. சொல்லப்போனா "இனிமே அடிக்க மாட்டேன்"னு அவரு எழுதி குடுத்தது, அதுவரைக்கும் அடிச்சாருங்கிறத அவரே ஒத்துக்கிட்டதுக்கு பக்கத்துல வருது, ஒரு காப்பி கேட்டு வாங்குங்க. அதே மாதிரி ரெண்டு வருஷம் முன்னாடி கை ஒடிஞ்சப்ப அவரு பக்கத்துல நிக்கறப்போ டாக்டர்கிட்ட "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்லிட்டாளேன்னு கவலப்பட்டிருக்கீங்க. ஏன் அப்படி சொன்னான்னு டி.ஐ.ஆர்.ல தெளிவா எழுத வைங்க, மறைக்க வேண்டாம். அடிச்சவன் பக்கத்துல நிக்கறப்ப ஒரு பொண்ணு வேற என்ன சொல்லுவாங்கிறது எந்த மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தெரியும்.

முப்பதாயிரமும் வேண்டாம். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், 15100-க்கு போன் பண்ணியும் கேக்கலாம். இலவச வக்கீல்னா ஏனோதானோன்னு தான் இருப்பாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு, சில எடத்துல உண்மையும் கூட, பிடிக்கலன்னா வேற வக்கீல் கேட்டு எழுதி குடுக்கலாம்.

எது முன்னாடி, எது பின்னாடி

எல்லாத்தையும் ஒரே வாரத்துல பண்ணிடணும்னு பறக்காதீங்க, இங்க வரிசை தான் முக்கியம். ஆஸ்பத்திரி மொதல்ல, அது ஏற்கனவே சொன்னேன். அடுத்து ஒன் ஸ்டாப் சென்டர் கேஸ் ஒர்க்கர் மூலமா பாதுகாப்பு அலுவலர்கிட்ட டி.ஐ.ஆர்.ரும் பாதுகாப்பு திட்டமும். அப்புறம் சட்ட உதவி வக்கீல் மூலமா குடும்ப வன்முறை சட்டத்தோட 12-வது பிரிவுல மனு, அதோடவே 23-ல இடைக்கால உத்தரவு கேக்கணும், அவசரம்னா எதிர்த்தரப்ப கூப்பிடாமலே மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம், அதுக்குத்தான் கழுத்து விஷயமும் ஏ.ஆர்.ரும் பயன்படும். சட்டத்துல மனுவ 60 நாள்ல முடிக்க பாக்கணும்னு இருக்கு, நடைமுறைல இழுக்கும், அதனால இடைக்கால உத்தரவு வாங்காம இறுதி உத்தரவுக்கு காத்திருக்காதீங்க.

இங்க ஒரு நாள மட்டும் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. கோர்ட் நோட்டீஸ் அவரு கைக்கு போய் சேர்ற நாள். ஊர்ல, மில்லுல தலகுனிவாயிடுச்சுன்னு அவருக்கு ஏறற நாள் அது. நோட்டீஸ சேக்க வேண்டியதும் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு தான், அதனால என்னைக்கு போகுதுன்னு அவங்ககிட்டயே கேட்டு, உங்க ஊரு ஸ்டேஷனுக்கு முன்கூட்டி எழுதி குடுங்க, அந்த வாரம் தங்கச்சிய வேற சொந்தக்காரங்க வீட்டுலயோ ஒன் ஸ்டாப் சென்டர்லயோ தங்க வைங்க. வேண்டாம்னு வந்தீங்களே அந்த அஞ்சு நாள், அது உண்மையிலயே உதவறது இந்த மாதிரி வாரத்துக்குத்தான். வாசல்ல வந்து நின்னாருன்னா பேச்சு குடுக்காதீங்க, கதவ சாத்திட்டு அவசர போலீஸ் 112-க்கு கூப்பிடுங்க. பாதுகாப்பு உத்தரவு வந்த உடனே அதோட காப்பி போலீசுக்கும் இலவசமா போகணும்னு சட்டத்துல இருக்கு, போச்சான்னு ஸ்டேஷன்ல நேர்ல கேட்டு உறுதி பண்ணிக்குங்க, உத்தரவு கோர்ட் கட்டுலயே தூங்கறத நான் நெறைய பாத்திருக்கேன்.

யாராவது சேந்து உக்காந்து பேசலாம், ஜாயிண்ட் கவுன்சிலிங்னு கூப்பிட்டா தங்கச்சி சம்மதமில்லாம போக வேண்டாம். கோர்ட் மூலமா கவுன்சிலிங் நடந்தாலும் அடிச்சதுக்கு அவரு நியாயம் சொல்ல விடக் கூடாதுன்னு விதில இருக்கு. "நீ எதுத்து பேசுனியாம்மா"ன்னு ஆரம்பிக்கற கவுன்சிலர்கிட்ட இத நினைவுபடுத்தலாம்.

புள்ளைங்க

டி.சி. இல்லைங்கிறதுக்காக சேக்கறத தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாதுன்னு 2009 கல்வி உரிமை சட்டத்தோட 5-வது பிரிவுல இருக்கு, எட்டாம் வகுப்பு வரைக்கும் பொருந்தும். கவர்மெண்ட் இல்ல எய்டட் ஸ்கூல்ல எச்.எம்.கிட்ட இத எழுதி குடுங்க. சேத்த அன்னைக்கே யாரு வந்து கூப்பிட்டா அனுப்பலாம்னு பேரு எழுதி குடுத்துடுங்க, உங்க பேரும் அவ பேரும் மட்டும். பாதுகாப்பு உத்தரவு கேக்கறப்ப புள்ளைங்க ஸ்கூலுக்குள்ள அவரு வரக் கூடாதுன்னும் கேக்கலாம், குடும்ப வன்முறை சட்டத்தோட 18-வது பிரிவுல இருக்கு, பல வக்கீல்கள் டைப் பண்ற மனுவுல இத விட்டுடறாங்க, நீங்க நினைவுபடுத்துங்க. தற்காலிகமா புள்ளைங்க பொறுப்ப அம்மாகிட்ட குடுக்கவும் இதே மனுவுல 21-ல கேக்கலாம், தனியா வேற கோர்ட் ஏற வேண்டியதில்ல. பொண்ணு ராத்திரில படுக்கைய நனைக்கறான்னு எழுதிருக்கீங்களே, கேஸ் ஒர்க்கர்கிட்ட சொல்லுங்க, புள்ளைக்கும் கவுன்சிலர் வேணும். திட்டாதீங்க.

மொட்டை மாடி போன்

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். உங்க கோபம் எனக்கு புரியுது, சம்பளம் போச்சு, வீட்டுல முணுமுணுப்பு, இவ்வளவுக்கும் நடுவுல அவ போய் அவன்கிட்டயே பேசறா. ஆனா பத்து வருஷம் அந்த மனுஷனோட மூடு எப்படி இருக்குன்னு பாத்து பாத்தே பொழைச்சவ அவ. எங்க இருக்கான், என்ன கோபத்துல இருக்கான்னு தெரிஞ்சுக்கறது அவளுக்கு பழகிப் போன தற்காப்பு. பாசமும் இருக்கலாம், பயமும் இருக்கலாம், கையில காசு இல்லாம உங்க வீட்டுக்காரர் மூஞ்சிய பாத்துக்கிட்டு எத்தன நாள் இருக்கறதுங்கிற கூச்சமும் இருக்கலாம், கேட்டா அவளுக்கே பிரிச்சு சொல்லத் தெரியாது.

போன புடுங்காதீங்க. "திரும்பி போனா என் மூஞ்சில முழிக்காத"ன்னு சொல்லிருக்கீங்கன்னா அத இன்னைக்கே வாபஸ் வாங்குங்க. ஏன்னா அவ போய், நாளைக்கு மறுபடி கழுத்துல கை வச்சான்னா, இந்த வார்த்தைய நெனைச்சுக்கிட்டு உங்களுக்கு போன் பண்ணாமலே இருந்துடுவா. வெளிய வந்து, திரும்ப போய், மறுபடி வர்றது இந்த மாதிரி வாழ்க்கைல சகஜமா நடக்கறது தான், அதனால எந்த கதவும் மூடிடாது. டி.ஐ.ஆர். அப்படியே இருக்கும், ஏ.ஆர். அப்படியே இருக்கும், ஒன் ஸ்டாப் சென்டர்ல ரெண்டாவது தடவ வந்தாலும் எடுத்துக்கணும். கேஸ் போடறதா வேண்டாமாங்கிறது அவ முடிவு, 29 வயசு பொண்ணு, அவளுக்கு தெரியாம நீங்களா ஒரு கையெழுத்து கூட போட்டு எங்கயும் குடுக்காதீங்க. சட்டப்படி அவ சார்பா இன்னொருத்தர் தகவல் குடுக்கலாம், உயிருக்கு ஆபத்துன்னா கண்டிப்பா குடுங்க. மத்த நேரத்துல அவள கேட்டுட்டு.

அவ போறதா முடிவு பண்ணா, போறதுக்கு முன்னாடி இவ்வளவ மட்டும் சேந்து உக்காந்து பேசி வைங்க: ஃபைல் உங்ககிட்ட இருக்கும், ஆதாரும் பஸ் காசும் அவ தனியா ஒரு எடத்துல வச்சிருப்பா, பக்கத்து வீட்டுல ஒருத்தங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும், உங்களுக்கு போன் பண்ணி சாதாரணமா எதையோ பேசறாப்புல ஒரு குறிப்பிட்ட வார்த்தைய சொன்னா நீங்க அந்த ஊரு ஸ்டேஷனுக்கும் 181-க்கும் உடனே கூப்பிடணும். பொண்ணுக்கும் குழந்தைங்க உதவி எண் 1098 தெரிஞ்சிருக்கட்டும்.

உங்க வீட்டுக்காரர்கிட்ட இந்த கடிதத்த படிக்க குடுங்க, இடைக்கால உத்தரவுல வாடகைக்கும் செலவுக்கும் கேக்கப் போறோம், மனு போட்ட தேதில இருந்தே ஜீவனாம்சம் கணக்காகும்னு சுப்ரீம் கோர்ட் 2020-லயே சொல்லிருக்குன்னு காட்டுங்க, முடிவு தெரியாம இழுக்கறது தான் அவருக்கும் எரிச்சலா இருக்கலாம். நீங்களும் எல்லா எடத்துக்கும் கூட போக வேண்டியதில்ல. கேஸ் ஒர்க்கர் வந்ததுக்கப்புறம் ஸ்டேஷனுக்கும் சட்ட உதவி ஆபீசுக்கும் அவங்க கூட்டிட்டு போகட்டும், நீங்க வாரத்துக்கு ஒரு தடவ போன்ல "எது நடந்துச்சு, எது பாக்கி"ன்னு கேட்டு ஃபைல்ல எழுதிக்குங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு அரைநாள், அப்புறம் கோர்ட்டுல மொத ஹியரிங் அன்னைக்கு ஒரு நாள், இது ரெண்டுக்கு மட்டும் லீவ சேத்து வைங்க. ஹியரிங் அன்னைக்கு அந்த வராண்டால அவரும் அவங்க அம்மாவும் எதிர்ல நிப்பாங்க, அப்ப தங்கச்சிக்கு பக்கத்துல நீங்க இருக்கணும்.